மூன்று மணிக்கு எதற்கு விழித்திருக்கிறாள்?

போன வாரம் ஒரு நாள் காலையில், என் பழைய மாணவி ரேவதி போன் செய்தாள். "மேடம், யாகூப் சார் போயிட்டாரு. சதுரங்கப்பட்டினத்துல அவங்க வூட்டுலயே, தூக்கத்துலயே." சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஊரையே ஓட வைத்த மனிதர் இப்படியா சொல்லாமல் கொள்ளாமல் போவார்?

படூரில் எங்கள் கல்லூரியில் படித்த எல்லோருக்கும் அவர் பி.டி. சார். கொரோனா வந்து மைதானத்துக்குப் பூட்டு விழுந்ததும், பிள்ளைகள் தினமும் நடக்க வேண்டும், போன் காட்டும் காலடி எண்ணிக்கையைப் படம்பிடித்து அனுப்ப வேண்டும், அதற்கு மார்க் உண்டு என்றார். சரிபார்க்கும் வேலையைக் கணக்கு டீச்சரான என் தலையில் கட்டினார்.

நம் பிள்ளைகளா சும்மா இருப்பார்கள்? ஒருவன் போனை ஊஞ்சலில் கட்டி ஆட்டினான். இன்னொருவன் ஆட்டுக் கழுத்தில் கட்டி மேயவிட்டான். இருவரையும் பிடித்ததில் எனக்கு ஒரே பெருமை. அடுத்து சிக்கியவள் ரேவதி. ஆன்லைன் வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் வராது. பகலெல்லாம் நடையே இல்லை, விடியற்காலை மூன்று மணிக்கு ஆறாயிரம் அடி!

"இதுவும் டூப்பு சார். பூஜ்யம் போட்டுட்டேன்."

"ஏமாத்துற புள்ள பகல்லயே ஏமாத்தும் மேடம். மூணு மணிக்கு எதுக்கு முழிச்சிகினு கீதுன்னு கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. அவர் கேட்டார். ரேவதிக்கு மதுராந்தகத்தில் சின்ன வீடு. அப்பா கொரோனாவோடு ஆஸ்பத்திரியில். எப்போது போன் வருமோ என்ற பயத்தில், அதைக் கையில் பிடித்தபடி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்திருக்கிறாள். படிப்பையே விட்டுவிடலாம் என்றும் இருந்திருக்கிறாள். சார் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் ஐந்தரைக்குக் கூப்பிட்டு, "செருப்ப மாட்டும்மா. நானும் நடந்துகினுதான் கீறேன், லைன்ல இரு" என்பார். அவர் மொட்டை மாடியில், அவள் வீட்டைச் சுற்றி. அப்பா பிழைத்து வந்த பிறகும், பரீட்சை முடியும்வரை அவர் விடவில்லை. அவளுக்குத் தூக்கம் மெதுவாகத்தான் திரும்பியது.

அவளிடம் மன்னிப்புக் கேட்கவா என்றேன். "அத்த அப்பால கேளுங்க. மொதல்ல அந்த பூஜ்யத்த அடிங்க" என்றார். அடித்தேன். மன்னிப்பு மட்டும் கேட்காமலே போய்விட்டது.

அடக்கத்துக்குப் போய் வந்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. யாரிடமும் சொல்லவில்லை. நேற்று சாயங்காலம் ஐந்தரைக்கு ரேவதி கூப்பிட்டாள். "மேடம், நீங்க மூணு மணிக்கு வாட்ஸ்அப்புல இருந்ததா காட்டுச்சு. செருப்ப மாட்டுங்க. நான் லைன்ல இருக்கேன்."

மாட்டிக்கொண்டேன். மன்னிப்பும் கேட்டேன். பிறகு இருவரும் நடந்தோம்.

சாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஐந்தரை மணியைத்தான். பி.டி. சாரின் பிள்ளைகளே, உங்களில் யார் மூன்று மணிக்கு விழித்திருந்தாலும் என்னைக் கூப்பிடுங்கள். இந்த முறை நான் கேட்பேன்.