முன்னறையில் ஒரு கட்டில்

புரூக்ளினில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் கவனா குடும்பம் இருந்தது. ரயில்பெட்டிகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக அறைகள். தெருவைப் பார்த்த முன்னறைக்குத்தான் பெரிய ஜன்னல். அதையும் கருஞ்சிவப்பு வெல்வெட் திரையால் மூடி வைத்திருந்தார் அந்த வீட்டு மாமியார் ஹனோரா. பாதிரியார் வந்தால் அந்த அறையைத் திறப்பார். சாவு விழுந்தால் திறப்பார், திரையை விலக்காமலே. அவருடைய கணவரும் ஒரு மகளும் அங்கே கிடத்தப்பட்டுத்தான் கல்லறைக்குப் போனார்கள்.

மருமகள் டெலியா, மிஸ் அகஸ்டா வென்ட்டிடம் திரை தைத்தாள். பணக்காரர்களின் வீட்டை அலங்கரித்துக் கொடுப்பதை ஒரு பெண் தொழிலாகவே செய்வது அப்போது புதிது. மிஸ் வென்ட் நுழைந்த வீட்டில் முதலில் கனத்த திரைகள் கழன்று இறங்கும். கறுத்த மரத்துக்கு வெள்ளைப் பூச்சு ஏறும். வெளிச்சம் விழும் இடம் பார்த்துக் கண்ணாடி மாட்டுவார். யாரும் உட்காராத அறைக்கு எதற்கு இத்தனை சோபா என்று சீமாட்டிகளிடம் நேராகவே கேட்பாராம். டெலியா வந்து சொல்ல, நாங்கள் சிரிப்போம்.

1909 குளிர்காலத்தில் அவள் கணவன் மலக்கிக்கு நெஞ்சு கெட்டது. நிலக்கரி வண்டி ஓட்டியவன். ஜன்னலில்லாத நடு அறையில் பகலிலும் விளக்கோடு கிடந்தான். பிழைப்பது கடினம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன மறுநாள், டெலியா வெல்வெட்டைக் கழற்றி, முன்னறைக்கு வெள்ளையடிக்கத் தொடங்கினாள்.

ஹனோரா வாசலை மறித்தார். "உயிரோட இருக்கறவனயா அங்க படுக்க வைப்ப? சவப்பெட்டிக்கு அளவெடுக்கற மாதிரி இருக்குடி."

"செத்தா அங்கதான கொண்டுவந்து கிடத்தப் போறோம், அத்தை? அதுக்கு முன்னாடி அவருக்கு ஒரு ஜன்னல் வேண்டாமா?"

உள்ளேயிருந்து மலக்கி இருமிக்கொண்டே சொன்னான்: "விடும்மா. இந்த வீட்ல பொணத்துக்குத்தான் நல்ல ரூம். நான் முன்னாடியே போயி இடம் பிடிச்சு வச்சுக்கறேன்."

ஹனோரா சிரிக்கவில்லை. மலக்கியின் கட்டில் முன்னறைக்குப் போனது. அவன் மூச்சிருக்கும்வரை அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கமாட்டேன் என்றார். சூப்பை அறை வாசல்வரை கொண்டுவந்து டெலியா கையில் கொடுப்பார். குளிர் விட்டு வெயில் வந்த பிறகு, தெருப்பக்க வெளிப்படியில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுவார்.

மிஸ் வென்ட் கழித்துப்போட்ட, மூலை உடைந்த கண்ணாடியொன்றைக் கேட்டு வாங்கிவந்து, டெலியா கட்டிலுக்கு எதிரே மாட்டியிருந்தாள். மலக்கி அதைப் பார்த்தபடியே கிடந்தான். ஏப்ரலில் இறந்தான்.

சாவு வீட்டில் கண்ணாடியை மூடுவது அவர்கள் வழக்கம். ஹனோரா கறுப்புத் துணியோடும், ஜன்னலுக்குப் பழைய வெல்வெட்டோடும், மகன் அங்கே படுத்த பிறகு முதன்முதலாக உள்ளே வந்தார். மகனின் தலையணையைச் சரிசெய்யக் கட்டில் ஓரம் உட்கார்ந்தவர், நிமிர்ந்தபோது கண்ணாடியைப் பார்த்தார். அதில் தலைமாட்டுக்குப் பின்னாலிருந்த ஜன்னல் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே படி. படியில் அவர் விட்டுவந்த சால்வை.

"தினமும் உங்களத்தான் பாத்துட்டு இருப்பாரு," என்றாள் டெலியா. "சால்வை நழுவுது, அம்மாவ இழுத்துப் போத்திக்கச் சொல்லுன்னு என்னை அனுப்புவாரு. நீங்க என்கிட்ட முகங்குடுத்துப் பேசினாத்தான சொல்ல?"

 ஹனோரா எழுந்து கண்ணாடியைத் துணியால் மூடினார். வெல்வெட்டை மட்டும் மடித்து எங்கள் கையில் கொடுத்து, கொண்டுபோகச் சொன்னார்.

பகல் வெளிச்சத்தில் பிணத்தைப் பார்த்துப் பழகாத அக்கம்பக்கத்தார் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றார்கள். அடக்கம் முடிந்து கண்ணாடியின் துணியை எடுத்த அன்றைக்கு, ஹனோரா தன் கட்டிலை முன்னறைக்கு இழுத்துப் போடச் சொன்னார்.