பொட்டு வைத்த பெட்டி

மசாலாவை மோந்து பார்க்க ஊரே வரும். அதைப் போட்டுக் கொடுக்கிற கவரையும் பெட்டியையும் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எங்கள் வேலை அந்தக் கவருக்கும் பெட்டிக்கும் காவல் இருப்பது. சரக்கு வைக்கிற ஸ்டோரில் நின்று கால் கடுத்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, சேர்ந்து புலம்பலாம்.

பத்தாம் வகுப்பில் எனக்குக் கணக்கு போய்விட்டது. சாணார்பட்டி ரோட்டில் இருந்த மசாலா கம்பெனியில், சரக்கு இறங்கும் இடத்தில் சேர்ந்தேன். அந்தக் கம்பெனி போன வருஷம் இடம் மாறிப் போய்விட்டது. வறுத்த மல்லி வாசமும் புது அட்டை வாசமும் கலந்து வருகிற அந்த ஷட்டர் வாசலை மூக்கு இன்னும் தேடுகிறது.

சேர்ந்த புதிதிலேயே ஒரு பேச்சு ஓடியது. பொள்ளாச்சி மொத்த வியாபாரி ஒருவர் இடத்தைப் பார்க்க வருவார், பிடித்தால் பெரிய ஆர்டர், பிடிக்காவிட்டால் புது ஆட்கள் வீட்டுக்கு. வேலை போனால் டுடோரியலில் உட்கார வைப்பேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். மறுபடி கணக்கா? பெட்டி தூக்கி முதுகு ஒடிந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

சிவகாசி மெத்தை

சிவகாசியில் இருந்து பெட்டி வந்து இறங்கிக்கொண்டிருந்தது. மடக்கிய அட்டைகளாக, கட்டுக் கட்டாக வரும். டிரைவர் அண்ணன் ஒரு கட்டின் மேல் ஏறி உட்கார்ந்து பீடியைத் தேடினார். எந்திரிங்க, அட்டை நசுங்கினால் பெட்டி நிற்காது, பீடி வாசம் வேறு ஏறும் என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. இறங்கி நின்று கட்டைப் பாசத்தோடு தட்டிக்கொடுத்தார்.

"ஏம்மா, வழி பூராம் கிளீனர் பய இதுமேலதான் படுத்து வந்தான். இப்ப நான் எந்திரிச்சு என்னத்துக்கு?"

தொப்பை அளவு

ஸ்டோர் பொறுப்பு அந்தோணி அண்ணனுக்கு. கட்டுகள் தரையில் இருக்கக் கூடாது, மரப்பலகை மேல்தான். சுவரை ஒட்டவும் கூடாது. கூட்டிப் பெருக்கவும் எலி வந்தால் தெரியவும் சந்து விட வேண்டும். ஒரு நாள் அவசரமாக அடுக்கிவிட்டு, நானே சந்தில் நுழைந்து வந்து, சரியாக இருக்கு என்றேன். அண்ணன் நுழைந்தார். பாதியில் நின்றுவிட்டார். மேலே இருந்த கட்டுகளை இறக்கித்தான் அவரை எடுத்தோம். பேக்கிங் அக்காக்கள் சிரித்து முடிப்பதற்குள் சோத்து நேரம் வந்துவிட்டது.

"ஏ புள்ள, இனிமே எலிக்கு அளவு பாக்காத. எனக்குப் பாரு."

ஆயுத பூஜை

முதலாளிக்குப் பக்தி அதிகம். தராசு, அரவை மிஷின், தள்ளுவண்டி, அந்தோணி அண்ணன் நெற்றி என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவர், பெட்டிக் கட்டுகளுக்கும் வைத்தார். பொள்ளாச்சி ஆர்டர் வரணும் என்று வேண்டிக்கொண்டு பொரியையும் அள்ளித் தூவினார். வேண்டாம் சார் என்றேன். காதில் விழாத மாதிரி அடுத்த கட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் வந்து பார்த்தால் பொரிக்கு எறும்பு. கூட்டித் தள்ளிவிட்டு, பொட்டு வைத்த கட்டுகளை இழுத்துப்போய், ஆகாத சரக்கு வைக்கிற ரிஜெக்ட் மூலையில் போட்டேன். முதலாளி பார்த்துவிட்டார். பூஜை போட்டதைத் தூக்கி அங்கேயா போடுவே, நாளையில் இருந்து வராதே என்று சத்தம் போட்டார். அந்த நேரம் பார்த்து வாசலில் கார் நின்றது. சொல்லாமல் கொள்ளாமல் பொள்ளாச்சிக்காரர்.

பலகையைப் பார்த்தார். சந்தில் நடந்தார், அவருக்கும் தொப்பைதான், ஆனால் மாட்டவில்லை. நேராக ரிஜெக்ட் மூலைக்குப் போய், நல்ல பெட்டியாட்டம் இருக்குதுங்களே, இங்கே எதுக்குங்க என்று கேட்டார். அந்தோணி அண்ணன் முதலாளியைப் பார்த்தார். எப்படியும் போன வேலைதானே என்று நானே பதில் சொன்னேன்.

"குங்குமம் பட்டிருக்கு சார். கடைக்காரர் பாத்தா உள்ள மிளகாத்தூள் கொட்டிருச்சும்பார்."

அவர் பொட்டை விரலால் தேய்த்தார். விரல் சிவந்தது. அதை அப்படியே நெற்றியில் வைத்துக்கொண்டு முதலாளி பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, மிஷினுக்கு எம்புட்டு வேணா பொட்டு வையுங்க. என்ற சரக்கு ஏறுற பெட்டிக்கு மட்டும் இந்தப் புள்ளையக் கேட்டுட்டு வையுங்க."

கணக்குப் பரீட்சை இன்னும் எழுதவில்லை, ஆனால் எந்த மளிகைக் கடைக்குப் போனாலும் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிட்டுத்தான் சாமான் கேட்கிறேன்.