நான் போகாத இலங்கைப் பயணம்

மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை முடித்ததும் நாங்கள் மூவரும் இலங்கைக்குப் போவதாக இருந்தது. என் கணவரின் பெற்றோர் அங்கே தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். பிறகு கப்பலேறி வந்து நிக்கோபாரில் உள்ள கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறினார்கள். கச்சாலில் பிறந்த இவர் அந்த மலைகளைப் பார்த்ததே இல்லை. மகளுக்கு ரயிலில் போக வேண்டும். நாங்கள் இருக்கும் அந்தமானில் ரயில் ஏது? எந்தப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தால் அருவி தெரியும் என்பதுவரை அவள் போனில் பார்த்து வைத்திருந்தாள்.

டிக்கெட் எடுத்த பிறகு அங்கே டெங்கு பரவுவதாகச் செய்தி வந்தது. ஒன்றைத் திறந்து படித்ததும் போன் அதேபோல இன்னும் பலவற்றைக் கொண்டுவந்து கொட்டியது. அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் படித்துக்கொண்டிருந்தேன். போர்ட் பிளேரில் நாங்கள் குடியிருக்கும் குட்வில் எஸ்டேட் பகுதியிலேயே இருக்கும் டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். பெங்காலிக்காரர். முழுக்கைச் சட்டை போடுங்கள், கொசு மருந்து தடவுங்கள், மற்றபடி டெங்கு இங்கேயும்தான் இருக்கிறது என்று ஹிந்தியில் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு ஆறுதலாக இல்லை.

மகளுக்கு முன் எங்களுக்கு ஒரு பையன் இருந்தான். அப்போது இவருக்குக் கார் நிக்கோபார் தீவில் மின்சாரத் துறையில் வேலை. பையனுக்கு நான்கு வயது. மழைக்காலத்தில் ஒரு நாள் காலை காய்ச்சலோடு எழுந்தான். மலேரியா என்றார்கள். மறுநாள் என்னை அடையாளம் தெரியாமல் விழித்தான். மூளைக்கு ஏறிவிட்டது, போர்ட் பிளேருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று டாக்டரே அலைந்து ஹெலிகாப்டருக்கு ஏற்பாடு செய்தார். மழை விடவில்லை. ஹெலிகாப்டரால் வர முடியவில்லை. யாரையும் குறை சொல்ல இடமில்லாத சாவு அது. மாற்றல் வாங்கிக்கொண்டு போர்ட் பிளேருக்கு வந்தோம். இவள் பிறந்தாள்.

இங்கே தினமும் தண்ணீர் வராது, டிரம்களில் பிடித்து வைக்க வேண்டும். ஒவ்வொரு டிரம்மின் வாயையும் துணியால் இறுகக் கட்டுவேன். பூந்தொட்டி வைக்க விட்டதில்லை. மகள் கொஞ்சம் சோர்ந்து உட்கார்ந்தாலும் என் கை அவள் நெற்றிக்குப் போய்விடும்.

பயணம் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டியில் கொசுவலை, தெர்மாமீட்டர், மாத்திரைகள் என்று அடுக்கியதில் மகளின் துணிகளுக்கு இடமில்லாமல் போனது. அவள் பாதித் துணியை வெளியே எடுத்து வைத்தாள். அதைப் பார்த்த பிறகும் நான் வாயைத் திறந்து, அடுத்த வருஷம் போகலாமே என்றேன்.

இவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"அவன் எனக்கும் புள்ளதான். ஹெலிகாப்டர் வருமானு அந்த மழைக்குள்ள வானத்தப் பாத்துக்கிட்டு நின்னது நான். ஆனா அதுக்காக இவளயும் வீட்டுக்குள்ள கட்டிப்போட எனக்கு ஏலாது."

மகள் பெட்டியருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். "பஸ் கரோம்மா, போதும் நிறுத்து. நான் பொறந்ததுலேருந்து நீ அண்ணனோட காய்ச்சலத்தான் என்கிட்ட தேடிக்கிட்டிருக்க. என்னைப் பாத்ததே இல்ல."

அவள் அழுதிருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன். அழவில்லை. நீங்கள் இரண்டு பேரும் போய் வாருங்கள் என்று சொன்னேன். என்னை யாராவது வற்புறுத்துவார்கள் என்று நினைத்தேன். யாரும் வற்புறுத்தவில்லை.

அவர்கள் போனார்கள். தினமும் போன் வந்தது. சாப்பிட்டாயா, கொசு கடித்ததா என்பதைத் தாண்டி எனக்குக் கேட்கத் தெரியவில்லை. இருவரும் ஒரு குறையும் இல்லாமல் திரும்பினார்கள். மகள் படங்களைக் காட்டினாள். ரயில் வாசலருகே காற்றில் முடி பறக்க நின்றிருந்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. அரைக்கைச் சட்டை போட்டிருந்ததும் என் கண்ணில் பட்டது. அதைச் சொல்லவில்லை. ஆனால் என் பார்வை எங்கே நின்றது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். போனை மெதுவாக வாங்கிக்கொண்டு எழுந்து போனாள்.

போர்ட் பிளேரிலேயே படிக்கலாம் என்றேன். கடல் தாண்டி மெயின்லேண்டில்தான் படிப்பேன் என்று சென்னையில் கல்லூரியில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அந்த ஆண்டு மழைக்காலத்தில் இவர் ஆபீஸ் வேலை என்று சொல்லிச் சென்னைக்குப் போனார். திரும்பி வந்து சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் இருந்தாள், ரத்தத்தில் அணுக்கள் ரொம்பக் குறைந்துபோயிருந்தன, இப்போது தேறி ஹாஸ்டலுக்கு வந்துவிட்டாள் என்றார்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அவதான் சொல்ல வேணாம்னா" என்றார். "காய்ச்சலத் தாங்கிக்கிடுவேன், அம்மாவத் தாங்க முடியாதுன்னா."

அன்று மாலை மகளுக்குப் போன் செய்தேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். நல்லா இருக்கேன்மா, பரீட்சை வருது என்றாள். குரல் மெலிந்திருந்தது. எந்தப் பாடம் என்று கேட்டேன். சொன்னாள். காய்ச்சலைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.