டாக்டரம்மா ஓட்டாத ராக்கெட்

எங்கள் எதிர்வீட்டு அரியமுத்து மாமாவைப் போல ஒரு நல்ல மனுஷன் அரியலூரிலேயே கிடையாது என்று இந்தப் பொங்கல் வரைக்கும் நானும்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் பெண்டாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து, இங்கிலீஷ் படம் போட்டு, வரிக்கு வரி தமிழில் சொல்லும் ஆம்பளையை வேறெங்கே பார்க்க முடியும்? அப்படிப் புகழ்ந்த வாயை இப்போது எதைக்கொண்டு கழுவுவது என்று தெரியவில்லை.

மாமா ஒரு சிமென்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் அங்கே அதிகாரிகள் கிளப்பில் புரொஜெக்டர் ஓட்டினார். அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளை ராக்கெட் படங்கள் அங்கேதான் அவரைப் பிடித்துக்கொண்டன. இங்கிலீஷும் அங்கேதான் வந்தது. அவர் மனைவி வெற்றிச்செல்வி அக்கா கீழப்பழுவூர்க்காரி, பத்தாவது பாஸ். இங்கிலீஷை எழுத்துக் கூட்டுவாள், அர்த்தம் தெரியாது. அதனால் மாமா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கதை சொல்வார். என் தையல் மிஷினை மூடிவிட்டு நானும் போய் உட்கார்ந்துகொள்வேன்.

அந்தப் படங்களை என்ன சொல்ல! ராக்கெட்டைத் தூக்கிப் பிடித்திருக்கும் கயிறு பளிச்சென்று தெரியும். வேற்றுக்கிரகத்து ஆளின் முதுகில் ஜிப் இருக்கும். நிலா என்று காட்டுவது நம்ம சுண்ணாம்புக்கல் குவாரி மாதிரியே இருக்கும். வயிறு வலிக்கச் சிரிப்போம். ஆனாலும் ராக்கெட் புகைவிட்டுக் கிளம்பும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்ப்போம். ஒரு கரும்பலகையும் சாக்பீஸும் இருந்தால் எந்த ஆபத்தையும் கணக்குப் போட்டுத் தீர்த்துவிடலாம் என்று அதில் வருகிறவர்கள் அத்தனை பேரும் நம்புவார்கள். இன்றைக்கு வருகிற படங்களில் எல்லாம் நிஜம்போல இருக்கிறது, அந்த நம்பிக்கை மட்டும் இல்லை.

அக்காவுக்கு உயிர், நிலாவுக்குப் போகும் ஒரு படம். ஐந்து பேர் போவார்கள், அதில் ஒருத்தி பெண். மாமா அவளை டாக்டரம்மா என்பார். திரும்பும் வழியில் ராக்கெட் தடுமாறும். "கேப்டனுக்கு மூளை கலங்கிப்போச்சு. டாக்டரம்மா சொல்லச் சொல்ல அவரு பட்டனை அமுக்குறாரு பாரு" என்பார் மாமா. திரையில் அவள் வாய் அசையும், கேப்டன் கை அசையும். ராக்கெட் பத்திரமாக இறங்கும். ஒவ்வொரு தடவையும் அக்கா கை தட்டுவாள். மகள் சத்யாவைப் பிடிவாதமாக இன்ஜினியரிங் படிக்கவைத்தபோதுகூட, "அந்த டாக்டரம்மா கணக்கா வரட்டும் எம்பொண்ணு" என்றுதான் சொன்னாள்.

இந்தப் பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வந்த சத்யா, அம்மாவுக்கு ஆசையாக இருக்கட்டுமே என்று அதே படத்தை நெட்டில் தேடி, கீழே தமிழ் எழுத்து வரும்படி போட்டாள். மாமா கடைக்குப் போயிருந்தார். நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். ராக்கெட் தடுமாறியது. டாக்டரம்மா வாய் அசைந்தது. கீழே எழுத்து வந்தது: "எனக்குப் பயமாக இருக்கிறது." கேப்டன் சொன்னான்: "இது உனக்குப் புரியாது. போய்க் காபி போடு."

அவள் போனாள். காபியும் கொண்டுவந்தாள். ராக்கெட்டை அவன்தான் இறக்கினான்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. "மாமா நல்லாத்தான் காது குத்திருக்காரு நமக்கு!" என்றேன். அக்கா சிரிக்கவில்லை.

"மஞ்சு, எனக்கு வந்த இங்கிலீஷ் காகிதம் அம்புட்டையும் இவருதானடி படிச்சுச் சொன்னாரு" என்றாள். "அதுல எது நெசம்?"

எழுந்து உள்ளே போனாள். பள்ளிக்கூட சர்ட்டிபிகேட் வைத்திருக்கும் ஃபைலோடு வந்தாள். அதிலிருந்து ஒரு பழைய உறையை எடுத்தாள். கல்யாணமான மறுவருஷம் நர்ஸ் பயிற்சிக்கு எழுதிப் போட்டிருந்தாளாம். அதற்கு வந்த பதில். "வயசு சரியில்லைன்னு தள்ளிட்டாங்க" என்று மாமா படித்துச் சொல்லியிருக்கிறார். கட்டினவன் படித்ததை இன்னொருத்தரிடம் காட்டிச் சரிபார்த்தால் அவனுக்கு என்ன மரியாதை? அக்கா யாரிடமும் காட்டவில்லை. வந்த தேதியை உறையின் மேல் எழுதி, பத்திரமாக வைத்துவிட்டாள்.

சத்யா கை நீட்டினாள். "குடும்மா, நான் படிக்கிறேன்."

"நீ படிக்காத. அவரு வரட்டும்."

மாமா பையோடு உள்ளே வந்தார். டிவியைப் பார்த்தார், அக்கா கையிலிருந்த உறையைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார்.

"இன்னொருக்கா படிச்சுக் காட்டுங்க" என்றாள் அக்கா. "பொண்ணு பக்கத்துல நிக்கிறா. அவளுக்கு இங்கிலீஷ் தெரியும்."

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவர் குரல் எங்களுக்குக் கதை சொன்ன குரலாகவே இல்லை. "பயிற்சிக்கு உன்னை எடுத்துருக்காங்க. ஜூன் பதினாலாம் தேதி காலையில பத்து மணிக்கு, சர்ட்டிபிகேட்டோட பெரம்பலூருக்கு வந்து சேரணும்."

சத்யா, "அப்பா!" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அட பாவி மனுஷா, நீயெல்லாம் நல்லாருப்பியா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

மாமா அக்காவைத்தான் பார்த்தார். "நீ வேலைக்குன்னு ஊர் ஊராப் போயிட்டா என்னை மதிக்க மாட்டியோன்னு பயம் செல்வி. ஆனா அந்த ஞாயித்துக்கிழமை சாமான் துலக்கிக்கிட்டே நீ அழுதுக்கிட்டு இருந்த. எனக்கு மனசு கேக்கல. அன்னிக்குத்தான் உனக்கு மொத மொத அந்தப் படத்தைப் போட்டேன். அந்தப் பொம்பள ராக்கெட்டை இறக்குறான்னு சொன்னேன். நீ சிரிச்ச."

அக்கா உறையை வாங்கித் திருப்பினாள். மேலே அவள் கையெழுத்திலேயே இருந்தது, ஆறு ஆறு தொண்ணூற்றாறு.

"கடுதாசி வந்து எத்தனாம் நாளு அந்த ஞாயித்துக்கிழமை?"

"மூணாம் நாளு."

அக்கா விரல்விட்டு எண்ணினாள். ஏழு, எட்டு, ஒன்பது. அப்புறம் ஒன்பதிலிருந்து பதினாலு வரைக்கும், ஒவ்வொரு விரலாக மடக்கி, மெதுவாக எண்ணினாள்.

"அப்ப நான் அழுதப்ப, இன்னும் அஞ்சு நாள் இருந்துருக்கு" என்றாள்.