ஒரே ஒரு சனிக்கிழமை

வூச் நகரத்து நெசவாலையில் இருபத்திரண்டு வருடம் லுசினாவுக்குப் பக்கத்துத் தறி என்னுடையது. அதனால் அவளைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. நாடு முழுக்கப் பாடியே அவள் பெயரைக் கெடுத்தவர்களுக்குத்தான் அது கிடையாது.

புருஷன் குடித்துவிட்டு எங்கோ தொலைந்தான். இரண்டு வயது மகள் வியோலெட்டாவை, எங்களில் பாதிப் பேரைப் போல, அவளும் வாரக் காப்பகத்தில் விட்டாள். திங்கள் காலை விட்டு, சனி மதியம் கூட்டிக்கொள்ள வேண்டும். மூன்று ஷிப்டும் மாறிமாறிப் பார்க்கிறவளுக்கு வேறு வழி ஏது?

ஆலை விடுதியில் அவளுடைய அறைத்தோழி டாக்னா. ஆமாம், அந்தப் பாடகி டாக்னாவேதான். அப்போது எங்கள் ஆலையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள், மிச்ச நேரமெல்லாம் கையில் கிட்டார். வடக்கே ஏரிக்கரை ஊரில் பாட்டுப் போட்டி வந்தபோது, மேடையைப் பார்த்தாலே கால் நடுங்குகிறது, நீ கூட வந்தால்தான் பாடுவேன் என்று லுசினாவைக் கெஞ்சிக் கூட்டிப்போனாள். பரிசு கிடைத்தது. திரும்பி வரும் ரயில் போய்விட்டது.

அந்தச் சனிக்கிழமை என் மகனைக் கூட்டிவரப் போனவள் நான். வியோலெட்டாவையும் கொடுங்கள் என்றேன், தாய் வராமல் தரமாட்டோம் என்றார்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு லுசினா காப்பக வாசலில் நின்றாள். நடந்தது அவ்வளவுதான்.

மூன்று வருடம் கழித்து ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தது. சனிக்கிழமை தோறும் வராத அம்மா, சிவப்புக் கோட்டோடு ஜன்னலில் காத்திருக்கும் குழந்தை. டாக்னாவின் கரகரத்த குரலும் கிட்டாரின் அலறலும் சேர்ந்து நாட்டையே அழவைத்தன. பேட்டி எடுத்தவர்களிடம், என் விடுதித் தோழி லுசினாவின் கதை என்று பெருமையாகச் சொன்னாள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று இருக்கிறவர்களில் அவள் ஒருத்தி. அடுத்தடுத்து எட்டு இசைத்தட்டுகள், தோல் சட்டை, வெளிநாட்டு மேடைகள்.

இங்கே மேஸ்திரி, "என்ன லுசினா, இந்தச் சனிக்கிழமையாச்சும் வருவியா?" என்று கேட்டுச் சிரிப்பான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பதினாலு வயதில் மகள் சொன்னதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"எனக்கு எல்லாம் ஞாபகமிருக்கும்மா. சிவப்புக் கோட்டு போட்டுக்கிட்டு ஜன்னல்லயே நிப்பேன்."

அந்தக் காப்பகத்தின் ஜன்னல்கள் கூரையை ஒட்டி இருந்தன. பிள்ளை போட்டிருந்தது என் மகனுடைய பழைய சாம்பல் நிறக் கோட்டு. நானே போய்ச் சொன்னேன். "நீங்க அம்மாவோட சிநேகிதி, அத்தை. வேற என்ன சொல்லுவீங்க?" என்றாள்.

வியோலெட்டாவுக்குக் கல்யாணமாகி ஒரு பையன் பிறந்தான். கிறிஸ்துமஸுக்குக் கூட்டிவருவாள். ஆனால் கடைக்குப் போகும் பத்து நிமிடத்துக்குக்கூட அவனைப் பாட்டியிடம் விட்டுப் போகமாட்டாள். கோட்டை மாட்டிக் கையோடு இழுத்துக்கொண்டு போவாள். லுசினா கதவருகே நின்று பார்ப்பாள்.

டாக்னா பாட வந்த முப்பதாவது ஆண்டு விழா எங்கள் ஊர் விளையாட்டு அரங்கில் நடந்தது. லுசினா மகளை வற்புறுத்தி அழைத்துப்போனாள், நானும் போனேன். கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் டாக்னா அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். வாயே திறக்காத லுசினா அன்றைக்குத் திறந்தாள்.

"டாக்னா, எம் பொண்ணுகிட்ட நீயே சொல்லு. ஒரே ஒரு சனிக்கிழமைதான். அதுவும் உங்கூட வந்ததால."

டாக்னா யோசித்தாள். நடிக்கவில்லை, நிஜமாகவே தேடிப் பார்த்தாள். முப்பது வருடம் பாடிப் பாடி அவளுக்கும் பாட்டுதான் மிஞ்சியிருந்தது. பிறகு வியோலெட்டாவின் கன்னத்தைத் தொட்டாள்.

"ஒரு சனிக்கிழமைன்னே வெச்சுக்கோம்மா. வயசாயிடுச்சு அவளுக்கு. மன்னிச்சிடு."

நான் வாயைத் திறப்பதற்குள் யாருக்கோ கையெழுத்துப் போடத் திரும்பிவிட்டாள்.

டிராம் நிறுத்தத்தில் வியோலெட்டா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அவங்களையும் பொய் சொல்லச் சொல்லணுமாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு பேரனை லுசினா பார்த்ததெல்லாம் தபாலில் வந்த போட்டோவில்தான்.