கதிரைக்கு அடி விழாத வீடு

பிள்ளை பார்க்கிற தொழிலில் பிள்ளைகளால் பெரிய தொல்லையில்லை. தொல்லையெல்லாம் மாலையில் அவர்களைக் கூட்டிப்போக வருகிறவர்களால்தான். நீங்களும் ஊரார் பிள்ளையைப் பார்த்தவர்களென்றால் இப்போதே தலையாட்டியிருப்பீர்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. சிட்னியில் றெயினுக்குள் தமிழ்க் குரல் கேட்டால் திரும்பிப் பார்த்த காலம். பென்டில் ஹில்லில் எங்கள் வாடகை வீட்டில், வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளை நான் பார்த்து வந்தேன்.

தட்டும் வீம்பும்

முதல் வாடிக்கை ராணி அக்கா. ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகன் ரவிக்கு நாலரை வயது. "குழைச்சு ஊட்டிவிடும், தானாச் சாப்பிட மாட்டான்" என்று சோற்றுப் பெட்டியைத் தந்துவிட்டுப் போனார். நான் தட்டில் போட்டு அவன் முன்னால் வைத்தேன். அவன் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தான். நான் என்பாட்டில் சாப்பிட்டேன். கொஞ்ச நேரம் வீம்பு, பிறகு பசி வென்றது. பாதி வாய்க்குள், பாதி சட்டையில். சிந்தியதைத் தானே பொறுக்கி, ஸ்டூலில் ஏறித் தட்டையும் கழுவினான். முகத்தில் அப்படி ஒரு பெருமை!

மாலையில் சட்டையில் பருப்புக் கறையைக் கண்டதும் அக்காவின் முகம் கறுத்தது. எனக்குக் குழந்தை இல்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தே கேட்டார்: "நீர் ஒண்டைப் பெத்திருந்தா, பிள்ளையை இப்பிடி வதைக்க மனம் வருமே?"

கதிரையின் குற்றம்

அந்தச் சொல் சுட்டது. சுட்டாலும் மறுநாளும் தட்டுத்தான் வைத்தேன்.

ஒருநாள் ரவி ஓடிவந்து சாப்பாட்டு மேசைக் கதிரையின் காலில் தடுக்கி விழுந்தான். எழும்பிய கையோடு, அந்தக் கதிரையில் உட்கார்ந்திருந்த, நான் பார்த்து வந்த பக்கத்து வீட்டுக் கிரேக்கப் பிள்ளை ஹெலனின் கன்னத்தில் ஒன்று விட்டான். ஏன் என்று கேட்டேன். "நான் விழுந்தா அம்மா கதிரைக்கு அடிக்கிறவ. கதிரையில இவள்தானே இருந்தவள்?" என்றான். "ஓடினது ஆர்?" என்றேன். யோசித்தான். "நான்." பிறகு தானே துணியை நனைத்து வந்து அவள் கன்னத்தில் வைத்தான்.

அன்று கூட்டிப்போக வந்தவர் அவனுடைய அப்பா. சனியன் பிடித்த அதே கதிரையில் ரவி மறுபடி தடுக்கினான். "கூடாத கதிரை, அடி போடுவம்!" என்று அப்பா கையை ஓங்கினார். நான் குறுக்கே போய் நின்றேன். "இந்த வீட்டில கதிரைக்கு அடி விழாது" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கதிரைக்கு நோகாதுதானே, நீர் ஏன் அதுக்காக வழக்காடுறீர்?"

வெறும் வீடு

அடுத்த கிழமை முழுக்க ரவி வரவில்லை. ராணி அக்காவின் பேச்சைக் கேட்டு மற்றத் தமிழ்ப் பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். மிஞ்சியது ஹெலன் மட்டும். குசினிக்குள் அடுப்படியில் இருந்து நன்றாக அழுதேன். தொழில் போனதற்கு மட்டுமல்ல, அந்தப் பயலை மனம் அவ்வளவு தேடியது.

என் கணவர், அக்காவிடம் போய் ஒரு மன்னிப்புக் கேட்கச் சொன்னார். ஊட்டிவிட்டால் எனக்கு என்ன குறைந்துவிடும் என்றும் கேட்டார். "எனக்கு ஒண்டும் குறையாது. அவனுக்குத்தான் குறையும்" என்று மூக்கைத் துடைத்தேன். அவர் கும்பிடு போட்டார். "உம்மட பிடிவாதத்துக்கு இந்தப் பெரிய அவுஸ்திரேலியாவும் இடம் காணாது!"

திரும்பி வந்த பெட்டி

ஒரு மாதம் போயிருக்கும். வாசலில் ராணி அக்கா, ரவி, சோற்றுப் பெட்டி.

ரவியைப் பிளக்டவுனில் பிள்ளை பார்க்கிற, தெரிந்த ஒரு அன்ரியிடம் விட்டிருந்தாராம். ஊட்டப்போனால் "நானே சாப்பிடுவன்" என்று வாயை இறுக்கிக்கொண்டானாம். அந்த அன்ரியின் மகன் விழ, அவர் கதிரைக்கு அடிக்கப் போனாராம். இவன் குறுக்கே நின்று, "கதிரை சும்மாதான் நிண்டது அன்ரி, ஓடினது அவன்" என்றானாம். வாய்க்காரப் பிள்ளை வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அக்கா இதைக் கொதித்துக்கொண்டு சொல்லி முடிப்பதற்குள் ரவி உள்ளே போய்த் தட்டை எடுத்து, ஹெலனுக்கும் ஒன்று வைத்துவிட்டான். அக்கா பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியது, வாய் மட்டும் இறங்கி வரவில்லை. "நீர் கெடுத்த பிள்ளை, இனி நீரே பாரும்!"

அதன் பிறகு பல வருடம் எத்தனையோ பிள்ளைகளை அப்படியே கெடுத்தேன். அவர்கள் சாப்பிட்ட தட்டு ஒன்றைக்கூட நான் கழுவியதில்லை.