பெரியம்மாவின் நெற்றிக் குங்குமம்

லாரியில் இருந்தவர்கள் முப்பத்தொரு பேர். உறவுக்காரர்களில் சிலர் நாற்பது என்கிறார்கள். ஒருவர் ஐம்பது வரை போய்விட்டார். ஏறும்போதே எண்ணியவன் நான். டிரைவர், கிளீனர் இருவரையும் சேர்த்து முப்பத்தொன்று. அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குப் பதினோரு வயது. பென்னாகரத்துப் பக்கமிருந்து ஏரியூரைத் தாண்டியிருந்த பெண் வீட்டுக்கு, தாய்மாமன் கல்யாணத்துக்காகச் சீர்த்தட்டுகளோடு போய்க்கொண்டிருந்தோம். மாமாவும் அம்மாவும் அப்பாவும் காரில் முன்னால் போய்விட்டார்கள். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, லாரியின் பின்மூலையில் சமையல் அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். மாமாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். ஆனால் பெரியப்பா இறந்து ஆறு வருஷமாகியிருந்தது. மாப்பிள்ளைக் காரில் அவளுக்கு இடமில்லை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்டாவுக்குக் காவல் வேண்டாமா என்று சொல்லிக்கொண்டே அவளாகவே லாரியில் ஏறிக்கொண்டாள்.

காலை பத்து மணி வாக்கில் ஒரு திருப்பத்தில் லாரி சாய்ந்தது. எனக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. பெரியம்மாவின் வயிற்றின் மேல் அண்டா ஒன்று விழுந்து உருண்டது. அவள் உடம்பில் ஒரு கீறல் இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அதனால் யாரும் அவளைப் பார்க்கவில்லை. காட்டு வேலையிலிருந்து ஓடிவந்தவர்கள், யார் அதிகமாகக் கத்துகிறார்களோ அவர்களைத் தூக்குவது என்று முடிவு செய்திருந்தார்கள். நானும் முடிந்தவரை கத்தினேன்.

முக்கால் மைல் தள்ளி ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தது. டாக்டர் குடும்பக் கட்டுப்பாடு கேம்புக்குப் போயிருந்தார். அவரோடு ஜீப்பும் போயிருந்தது. மிச்சமிருந்தது ஒரே ஒரு நர்ஸ். குள்ளமானவள், கழுத்தில் சிலுவை கோத்த சங்கிலி. யாருடைய சைக்கிளிலோ பின்னால் உட்கார்ந்து, மடியில் தகரப் பெட்டியோடு வந்து இறங்கினாள். இறங்கியதும் ஒரு சத்தம் போட்டாள்.

"யாரையும் தூக்காதீங்க! கத்தறவங்களுக்கு மூச்சு நல்லாத்தான் இருக்குது. சும்மா கெடக்கறவங்க எங்க, காட்டுங்க."

நடக்க முடிந்தவர்களையெல்லாம் புளியமரத்தடிக்குப் போகச் சொன்னாள். என் கையைப் பார்த்து, ஒரு குச்சியை வைத்துக் கட்டிவிட்டு, "நீயும் போடா. கத்துனது போதும்" என்றாள். எனக்கு அவமானமாக இருந்தது. பிறகு சிதறிக் கிடந்த சீர்த்தட்டுகளிலிருந்து குங்குமத்தையும் மஞ்சளையும் எடுத்துக்கொண்டாள். கிடந்தவர்களின் நாடியையும் கண்ணையும் வயிற்றையும் பார்த்து, ஒவ்வொருவர் நெற்றியிலும் கட்டைவிரலால் ஒரு கோடு இழுத்தாள். குங்குமம் என்றால் முதல் வண்டி, மஞ்சள் என்றால் அடுத்த வண்டி. போர்த்தினாலும் நெற்றி தெரியும் என்று உதவிக்கு நின்றவர்களிடம் சொன்னாள். கிளீனருக்கு மட்டும் எதுவும் இழுக்கவில்லை. துண்டால் அவன் முகத்தை மூடினாள்.

மரத்தடியிலிருந்து எண்ணினேன். குங்குமம் ஐந்து, மஞ்சள் எட்டு, மரத்தடியில் பதினேழு, கிளீனர் ஒன்று. கணக்கு முப்பத்தொன்றுக்குச் சரியாக வந்தது. ஐந்து குங்குமத்தில் ஒன்று பெரியம்மாவுக்கு.

நர்ஸ் வண்டியை மறிக்கச் சாலைக்குப் போன நேரத்தில் பெரியம்மா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். உதடு வெளுத்திருந்தது. "நெத்தியில என்னமோ வெச்சுட்டாங்கடா. அழிச்சுடு சாமி. நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாங்க" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த, உறவில் மூத்த கிழவியும், "அழி, அழி. நல்ல நாளும் அதுவுமா" என்றாள். நான் பெரியவர்கள் சொன்னால் கேட்கிற பையன். அவள் முந்தானையில் எச்சில் தொட்டுச் சுத்தமாகத் துடைத்தேன்.

பால் வேன் ஒன்று நின்றது. கேன்களை ரோட்டோரம் இறக்கினார்கள். நெற்றியைப் பார்த்துப் பார்த்துத் தூக்கி ஏற்றினார்கள். வேன் டிரைவர் கதவைச் சாத்திவிட்டு, "நாலு பேரும் ஏத்தியாச்சு, போலாங்களா?" என்றான்.

"நாலா? அஞ்சு வெச்சேனே" என்றாள் நர்ஸ். "இன்னொண்ணு எங்க?"

கிடந்தவர்களை அவள் திரும்ப ஒருமுறை சுற்றினாள். மற்றவர்கள் நெற்றியில் மஞ்சள் இருந்தது. பெரியம்மாவின் மேல் யாரோ முகம் மறையச் சேலையை இழுத்து விட்டிருந்தார்கள், வெயில் படாமல். வேன் உறுமிக்கொண்டு நின்றது. ஐந்தாவது யார் என்று தெரிந்தவன் நான். சொன்னால் அடி விழும் என்றும் தெரியும். என் மனதில் ஏழு வரை எண்ணினேன். பிறகு, "நாந்தாங்க அழிச்சேன்" என்றேன்.

"ஏண்டா?"

"பெரியம்மா பொட்டு வெக்கக்கூடாதுங்க."

கிழவி எனக்காகப் பேசினாள். "பையன் சரியாத்தான் செஞ்சிருக்கான். தாலியறுத்தவளுக்குப் போயி குங்குமம் வெக்கறியே, உங்க கோயில்ல இதெல்லாம் சொல்லித் தரமாட்டாங்களா?"

"இது பொட்டு இல்லீங்க ஆத்தா, டிக்கெட்டு. இது இல்லைன்னா வண்டி ஏத்தமாட்டாங்க."

"டிக்கெட்டுன்னா கையில குடு. நெத்தியில ஒட்டுற பஸ்ஸ எந்த ஊர்ல பாத்த?"

நர்ஸ் சேலையை விலக்கி, பெரியம்மாவின் வயிற்றை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. குங்குமத்தை அள்ளி முன்பைவிடப் பெரிதாக, புருவத்திலிருந்து வகிடு வரை இழுத்துவிட்டாள். "யாராவது இதுல கை வெச்சீங்க, அந்தக் கைய ஒடிச்சு மஞ்சள் வெச்சுடுவேன்" என்றாள். யாரும் கை வைக்கவில்லை. வேன் ஐந்து பேரோடு போனது.

அடுத்து வந்த பஸ்ஸில் மஞ்சள்காரர்களோடு என்னையும் தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெரியம்மாவுக்கு மண்ணீரல் கிழிந்திருந்ததாம். உள்ளுக்குள்ளேயே ரத்தம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அரைமணி நேரம் தாமதமாகியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, அம்மா அழுவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மூன்றாம் நாள் கையில் மாவுக்கட்டோடு வார்டுக்குள் போனேன். பெரியம்மா கண் விழித்திருந்தாள். குங்குமம் பாதி கலைந்து, ஆனாலும் சிவப்பாக நெற்றியில் இருந்தது. ஆயா ஒருத்தி ஈரத்துணியால் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே நெற்றிக்கு வந்ததும், பெரியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி ஏறிக்கொண்டிருந்த கையால் பிடித்தாள்.

அந்த ஏற்பாட்டின் விதிகளெல்லாம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று எனக்குத் தோன்றியது. கட்டிலருகே போய், "உங்க முறை முடிஞ்சுபோச்சு பெரியம்மா, இனிமே அழிச்சுக்கலாம். மத்த நாலு பேரும் மூஞ்சி கழுவிட்டாங்க, நான் பாத்தேன்" என்றேன். அவள் கையை எடுக்கவில்லை. முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இன்னொரு ஆபரேஷன் இருக்குமோ என்று பயப்படுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். வராந்தாவில் போன நர்ஸ் ஒருத்தியைத் தேடிப் பிடித்துக் கேட்டு, இல்லை என்று இரண்டு தடவை உறுதி செய்துகொண்டு ஓடிவந்து அதையும் அவளிடம் சொன்னேன்.